புரதம் எதனோடு சேர்கிறது?

தாமிரபரணிக் கரையில் புரதங்களைப் பற்றி ஒரு மாநாடு கூடும்போது, சென்னையில் நடந்த ஒரு வேலையிலிருந்து பேச்சைத் தொடங்குவதே முறை. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூன்று இழைகள் கொண்ட அமைப்பை முன்வைத்தார்கள். தோலையும் தசைநாணையும் எலும்பையும் தாங்கி நிற்கும் புரதம் அது. மறு ஆண்டில் அந்த மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாக அமைப்பைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்து எழுதினார்கள்: சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன, மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்புதான் அமைய முடியும், இரண்டு அமையாது. இந்தக் கணக்கு பிற்காலத்தில் சரியென்று உறுதிப்பட்டது. மூன்று இழை என்ற அடிப்படையும் நிலைத்தது. ஆனால் அந்த மறுப்பால் விளைந்த நன்மை இவை இரண்டையும்விடப் பெரியது. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதை, அதுவரை தெரிந்த படிகங்களிலிருந்து சென்னைக் குழு பொறுமையாகத் திரட்டியது. 1963-இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம் அந்த உழைப்பில் பிறந்தது. புதிதாகக் கண்டறியும் புரத அமைப்புகளை இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறோம்.

அந்த விவாதத்தின் மையம் தொடுகை: எது எதை நெருங்கலாம், எது கூடாது. புரதத்தின் தொழிலையும் அதுவே தீர்மானிக்கிறது என்பது என் வாதம். உருவம் தேவைதான், ஆனால் அந்த உருவம் எதனோடு சேர்கிறது என்பது தெரியாமல் தொழிலைச் சொல்லிவிட முடியாது. கொலாஜனையே பாருங்கள். அதன் ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின். மூன்று இழைகளும் சந்திக்கும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிய அமினோ அமிலத்துக்கு இடமில்லை. அங்கே ஒரே ஒரு கிளைசின் மாறினாலும் எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய் வரலாம். முதல்வகைக் கொலாஜனில் இரண்டு ஆல்பா-1 இழைகளும் ஓர் ஆல்பா-2 இழையும் சேர்கின்றன. ஆல்பா-1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாகி, பழுதான இழையும் நல்ல இழைக்குச் சமமான அளவில் உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் நல்ல இழையே வந்து அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான்; முக்கால் பங்கு மூலக்கூறுகளில் பழுது புகுந்துவிடும். அந்தப் பிரதி இழையையே உண்டாக்காமல் போனால் கொலாஜன் பாதியாகக் குறையும், ஆனால் இருப்பது எல்லாம் நல்லதாக இருக்கும். நோயும் பெரும்பாலும் கடுமை குறைந்தே காணப்படும். இழை இல்லாமல் போவதைவிடப் பழுதான இழை மற்றவற்றோடு சேர்வதே அதிகக் கேடு செய்கிறது. தனி இழை ஒன்றை எவ்வளவு துல்லியமாக ஆராய்ந்தாலும் இந்த உண்மை அதில் தென்படாது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. புரதத்தின் உருவத்துக்கு வேண்டியது எல்லாம் அமினோ அமில வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்று கிறிஸ்டியன் அன்ஃபின்சன் நிறுவி, 1972-இல் நோபல் பரிசு பெற்றார். வரிசையைக் கொடுத்தால் உருவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024-இல் டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் அதே பரிசில் பங்கு பெற்றார்கள். இனி என்ன மீதம் என்று கேட்கலாம். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இன்று மாவட்டத் தலைநகர்க் கல்லூரியின் மாணவிகூடத் தன் கணினியில் ஒரு புரத உருவத்தைத் திறந்து பார்க்க முடிகிறது. ஆயினும் கொலாஜன் இழையின் வரிசை மாறாமலே அதன் விதி மாறுவதைக் கவனியுங்கள். அதிலுள்ள புரோலின்களில் பலவற்றுக்கு ஒரு நொதி ஹைட்ராக்சில் சேர்க்கிறது; அந்த நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். சேர்த்த கொலாஜனின் முச்சுருள் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியசில் அவிழ்கிறது. சேர்க்காதது 24 டிகிரி அளவிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடல் வெப்பமோ 37. ஈறு கரைந்து இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது. அரிவாள் செல் சோகையிலும் இப்படித்தான். நீலகிரிப் பழங்குடிகளிடம் அந்நோயின் மரபுக்கூற்றை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். ஹீமோகுளோபின் தன் மடிப்பை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்க, மேற்பரப்பில் மாறிய ஒரே அமினோ அமிலம், ஆக்சிஜனை விட்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டி இழையாக்கிவிடுகிறது.

இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பிசானப் பருவ நெல்வயல்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2023 டிசம்பர் வெள்ளம் இங்கே நெல்லை மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. ஒடிசாவின் பழைய நெல்வகையிலிருந்து வந்த சப்1ஏ மரபணு, 2006-இல் அடையாளம் காணப்பட்டது. மூழ்கிய பயிர் நீண்டு வளர்ந்து தன் சேமிப்பைத் தீர்த்துக்கொள்ளாமல் அந்த மரபணுவின் புரதம் தடுக்கிறது. அந்தப் புரதத்தின் முன்முனையில், செல்லின் சிதைப்பு இயந்திரம் தேடும் குறி இருக்கிறது. ஆனால் அந்த முனை தன் பின்முனையோடு சேர்ந்துகொள்வதால் சிதைவிலிருந்து தப்புகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. வெள்ளத்தில் ஒரு நாற்று பிழைப்பதற்குப் பின்னால் இப்படியொரு சேர்க்கை இருக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயலும் நம் ஆய்வுக்கூடங்களும் இந்தக் கேள்வியில் கைகோத்து வேலை செய்ய வேண்டும். நெல்லில் எந்தப் புரதம் எதனோடு, எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் ஒட்டி நிற்கிறது என்பதைக் கணிப்போடு நிறுத்தாமல் அளந்து பார்க்கும் கட்டுரைகளுக்கு அமர்வுத் தலைவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.