சிறு அறையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்



இலங்கையின் ஒலிபரப்பு மாளிகையிலே பிறந்ததன்று. 1923ஆம் ஆண்டிலே, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சின்னஞ்சிறு அறையொன்றிலிருந்து, எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் கிராமபோன் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு முதன்முதலாக வானில் ஏற்றினார். அவர் பயன்படுத்திய பரப்பிக் கருவி, போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு தந்தித் திணைக்களத்தார் தாமே பொருத்தியது. கையிலிருந்ததைக் கொண்டு கருமம் ஆற்றினார்கள். குறைந்த செலவில் வீட்டிலே ஒலிப்பதிவுக் கூடம் அமைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கும் எனக்கு, அந்தச் சிறு அறை ஒரு துணிவைத் தருகின்றது.

நான் பொறியியலாளன் அல்லேன். கலைப்பட்டதாரி, மட்டக்களப்பு மாவட்டத்திலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். ஒலியைப் பற்றி நான் கற்றதெல்லாம் ஒரு பெரும் பிழையைச் செய்த பின்னர்க் கற்றதே. ஆதலால் அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகின்றேன்.

எங்கள் ஊரிலே வடமோடிக் கூத்தில் வல்ல அண்ணாவியார் ஒருவர் இருந்தார். 2019ஆம் ஆண்டில் அவருக்கு வயது 83. ஏடுகளிற் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சிய பாடல்கள் அவர் நினைவில் மாத்திரம் இருந்தன. அவற்றை அவர் குரலிலேயே பதிந்து வைக்கவேண்டுமென்று எண்ணினேன். கொழும்புக்குச் சென்று, கடைக்காரர் மிக உயர்ந்தது என்று காட்டிய கண்டென்சர் ஒலிவாங்கி ஒன்றை, என் மாதச் சம்பளத்திற் பாதியைக் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டின் நடுக்கூடத்திலே அண்ணாவியாரை அமர்த்தி, பெரியவருக்குச் செய்யும் மரியாதையின் பொருட்டு ஒலிவாங்கியை ஐந்து அடி தள்ளி வைத்தேன். அவர் நாற்பது நிமிடம் பாடினார். மத்தளமும் சல்லாரியும் இல்லாமலே ஆட்டத்தின் வேகம் முழுவதும் அந்தக் குரலில் இருந்தது.

இரவிலே பதிவைக் கேட்டபோது நெஞ்சு சோர்ந்தது. பாடலின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மெருகிட்ட சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், கண்ணாடி யன்னல் ஆகிய யாவும் அவர் குரலைத் திருப்பித் திருப்பி எறிந்திருந்தன. அவற்றின் கீழே குளிர்சாதனப் பெட்டியின் முனகல், மேலே காகங்கள். மறுநாட் சென்று சொன்னேன். “அதுக்கென்ன தம்பி, இன்னொரு நாளைக்குப் பாடுவம்” என்றார். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு முடியுமுன்னரே அண்ணாவியார் காலமானார்.

என் பிழை யாது? கருவியை வாங்கினேன், அறையைப் பார்க்கவில்லை. அறையைப் பற்றி எனக்கு விளக்கம் தந்தவர் ஓர் அமெரிக்கர். அவர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகின்றது. 1895ஆம் ஆண்டிலே ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதன் விரிவுரை மண்டபத்திலே ஆசிரியர் சொல்வது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லைச் சாதாரணமாகச் சொன்னால் அஃது ஐந்தரை விநாடிக்கு அடங்காமல் ஒலித்துக்கொண்டேயிருந்தது. அதற்குள் ஆசிரியர் இன்னும் பத்துப் பன்னிரண்டு சொற்களைச் சொல்லிவிடுவாரே! இதற்குப் பரிகாரம் காணும்படி வொலஸ் சேபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியரைப் பணித்தார்கள். அவர் ஊரடங்கிய நள்ளிரவிலே, அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்திற் பரப்பி, ஒர்கன் குழல் ஒன்றை ஊதி, ஒலி அடங்க எத்தனை விநாடி செல்கின்றதென்று கடிகாரம் கொண்டு அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். இப்படிப் பல இரவுகள். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அறையின் கன அளவுக்கும், அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவுக்கும், எதிரொலி நீடிக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு சூத்திரமாக வகுத்தார். இன்றும் உலகெங்கும் மண்டபம் கட்டுவோர் அந்தச் சூத்திரத்தையே முதலில் எடுக்கின்றனர். ஒரு மனித உடல் ஏறத்தாழ ஆறு மெத்தைகள் அளவுக்கு ஒலியை உறிஞ்சும் என்பதும் அவர் கண்டதே. வெறும் மண்டபத்திலே ஒத்திகை பார்க்கும்போது விளங்காத பேச்சு, பரிசளிப்பு விழாவன்று பிள்ளைகள் நிறைந்தபின் விளங்குவது ஏனென்று எனக்கு அப்பொழுதுதான் புரிந்தது.

சேபினின் மெத்தை எங்கள் வீட்டிலும் இருந்தது. இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டு, தும்பு மெத்தை ஒன்று. வீட்டின் பின்புறத்திலே எட்டடிக்கு ஏழடி அளவான களஞ்சிய அறை ஒன்று உண்டு. அங்கே சேலைகள் நிறைந்த அலுமாரி ஒன்று ஏற்கெனவே நின்றது. அதன் கதவைத் திறந்து வைத்தாற் போதும், ஒரு சுவருக்கு வேலை முடிந்தது. (இதற்கு என் மனைவியின் சம்மதத்தைப் பெறுவதுதான் இந்த முயற்சியில் மிகக் கடினமான படி.) மற்றை இரு பக்கங்களிலும் மெத்தைகளைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு அங்குலம் விட்டு நிறுத்தினேன். இவ்வாறு இடைவெளி விட்டால் தாழ்ந்த சுருதியிலுள்ள ஒலிகளையும் ஓரளவு உறிஞ்சும். தரையிலே சாக்குகளை விரித்து அவற்றின்மேற் பழைய கம்பளம் ஒன்று. பேசுபவரின் முதுகுப்புறத்திலே கயிறு கட்டிக் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். இது முக்கியம். ஒலிவாங்கி பேசுபவரை நோக்கி இருக்கின்றது. ஆதலால் அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும் அது நோக்குகின்றது. பலர் ஒலிவாங்கிக்குப் பின்னே பஞ்சை ஒட்டிவிட்டு, தம் முதுகுக்குப் பின்னால் வெறுஞ்சுவரை விட்டுவிடுகின்றனர். அறை சரியாயிற்றா என்று அறியக் கருவி வேண்டாம்; நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். கணீரென்று ஒரு வால் நீண்டால் இன்னும் பிடவை வேண்டும். மொத்தென்று அடங்கினாற் போதும்.

முட்டைத் தட்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டும் வழக்கம் ஒன்று நம் இளைஞரிடையே இருக்கின்றது. அந்த மெல்லிய கடுதாசி கூரிய ஒலிகளிற் சிலவற்றை மாத்திரம் சற்றுக் கலைக்கும். குரலின் கனத்தை அது தொடவே தொடாது. பல்லிக்கும் கரப்பானுக்கும் நல்ல குடியிருப்பு. அதுவே அதன் பயன்.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்கவேண்டும். அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குவது வேறு. வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுப்பது வேறு. முன்னையது மெத்தைக்கு அடங்கும். பின்னையதற்குக் கனத்த சுவரும், காற்றுப் புகாத கதவும், அவற்றிற்கேற்ற பணமும் வேண்டும். நம் போன்றோர் அதைத் தடுக்க முயலாமல், அஃது இல்லாத நேரத்தைத் தேடவேண்டும். நான் ஒரு வாரம் கொப்பி ஒன்றில் மணிக்கணக்கு எழுதினேன். அதிகாலையிற் பறவைகள், பின்பு கோயில் மணி, ஆறரைக்குப் பாண் விற்கும் முச்சக்கர வண்டி. அந்த வண்டி பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு வருவது நம் நாடு முழுவதும் அறிந்ததே. எனது பதிவொன்றிலே பராக்கிரமபாகுவின் நீர்ப்பாசனப் பணிகளின் நடுவே பீத்தோவன் வந்து போகின்றார். இறுதியில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் இரவு ஒன்பதரைக்குப் பின். மழை பெய்தால் அதுவும் இல்லை; ஓட்டுக்கூரையின் கீழ் மழையோடு போட்டியிட எவராலும் இயலாது.

இனி ஒலிவாங்கி. கண்டென்சர் வகையிலே மெல்லிய தகடொன்றும் அதன் பின்னே நிலையான தகடொன்றும் மின்னேற்றத்தோடு நிற்கும். அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ற்று மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். மிக நுண்ணிய உணர்வுடையது. எறும்பு ஊர்வதும் கேட்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். டைனமிக் வகையிலே மென்றகட்டோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தத்தின் நடுவே அசைகின்றது. மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. உணர்வு குறைவு, ஆனால் வாயருகே வைத்துப் பேசுவதற்கென்றே ஆக்கப்பட்டது. அமைதியற்ற வீட்டுக்கு இதுவே உகந்தது. எங்கள் ஊரிலே கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் இளைஞர் ஒருவரிடம், பழகிய டைனமிக் ஒலிவாங்கி ஒன்றை 4,500 ரூபாவுக்கு வாங்கினேன். அதைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி 14,000 ரூபா, கம்பி 1,500, காதிற் பொருத்தும் கேட்பான் 3,500. இது 2021ஆம் ஆண்டின் கணக்கு. மறு ஆண்டிலே நம் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களெல்லாம் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏறின. தாங்கி வாங்கவில்லை, பழுதான மேசைவிளக்கின் வளைகை அந்த வேலையைச் செய்தது. எல்லாம் சேர்ந்தும், நான் முதலில் வாங்கிய ஒலிவாங்கியின் விலைக்குக் குறைவே.

இதுவும் இயலாதவர்க்கு ஒன்று சொல்வேன். என் மகள் தன் கைத்தொலைபேசியோடு அந்தக் களஞ்சிய அறைக்குள் இருந்து ஒரு பக்கம் வாசித்துப் பதிந்தாள். நடுக்கூடத்தில் என் விலையுயர்ந்த ஒலிவாங்கி செய்த பதிவினும் அது தெளிவாயிருந்தது. ஆதலால் முதலில் அறை, பின்னரே கருவி.

ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாணிலும் குறைந்த தூரம் இருத்தல் வேண்டும். தூரம் இரு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறைந்துவிடும். எதிரொலியோ அறையெங்கும் ஏறத்தாழ ஒரே அளவாய் நிற்கும். தள்ளிப் போகப் போகக் குரல் தோற்று அறை வெல்கின்றது. அண்ணாவியாருக்கு நான் காட்டிய ஐந்தடி மரியாதை செய்த கேடு இதுவே. பகர எழுத்துகளிலே வாய்க்காற்று மோதி வெடிக்காதிருக்க, தையல் வளையத்திலே மெல்லிய நைலோன் துணியை இழுத்துக் கட்டி இடையில் வைத்தேன். சற்றுப் பக்கவாட்டாகப் பேசினாலும் பயனுண்டு. தாள்களைக் குத்தி வைக்காமல் தனித்தனியே மெல்ல நகர்த்தவேண்டும். இங்கே வானொலிக் கலையகத்திலும் உள்ளே வருமுன் என் தாள்களிலிருந்த ஊசியைக் கழற்றிவிட்டார்கள்.

பதிவதற்கும் வெட்டித் திருத்துவதற்கும் ஓடாசிற்றி என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைக்கின்றது. அதிலே குரலின் உச்சி, பூச்சியத்துக்குக் கீழே 6 முதல் 12 டெசிபெல் வரையில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தைத் தொட்ட ஒலி சிதைந்துவிடும். சிதைந்ததை எவராலும் மீட்க இயலாது. மெல்லிய பதிவைப் பின்பு கூட்டிக்கொள்ளலாம். தொடக்கத்திலே பத்து விநாடி பேசாதிருந்து அறையின் மௌனத்தையும் பதிந்துகொண்டால், பின்னே அதை மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் குறைக்கலாம். மூலப் பதிவைச் சுருக்காமல் வைத்திருங்கள். ஒரு மணி நேரப் பேச்சு 300 மெகாபைற்றுக்குச் சற்று மேல் வரும். இன்று அஃது ஒரு பொருட்டன்று. இரண்டு பிரதிகள், இரண்டும் ஒரே அலுமாரியில் இருத்தலாகாது.

இவ்வளவும் யாருக்காக? எங்கள் பாடசாலையிலே பார்வையற்ற மாணவன் ஒருவன் கலைப்பிரிவில் உயர்தரம் கற்றான். தமிழும் வரலாறும் அவன் பாடங்கள். வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. தாய் அதிகாலையிற் கூலி வேலைக்குச் செல்பவர். 2022ஆம் ஆண்டு பங்குனி முதல் அவனுடைய நூல்களை ஒவ்வோர் இரவும் அந்தச் சிறு அறையிலிருந்து வாசித்துப் பதிந்தேன். நாட்டின் நிலைமையை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. என் வேலை நின்றுவிடும் என்றே அஞ்சினேன். நடந்தது வேறு. மின்சாரம் போனதும் வீட்டின் குளிர்சாதனப் பெட்டி ஓய்ந்தது, அயலிலே தொலைக்காட்சிகள் ஓய்ந்தன, மின்விசிறிகள் நின்றன, கம்பிகளில் ஓயாது இருந்த 50 ஹேட்சு முனகலும் இல்லை. மடிக்கணினி தன் மின்கலத்தில் இரண்டு மணி நேரம் உழைக்கும். மெழுகுவர்த்தியின் ஒளியிலே, வியர்வை புத்தகத்திற் சிந்தச் சிந்த நான் வாசித்த பக்கங்களே என் பதிவுகள் யாவற்றிலும் தூயவை. தட்டுப்பாட்டைப் புகழ எனக்கு மனமில்லை. பிள்ளைகள் இருட்டிலே பரீட்சைக்குப் படித்த காலம் அது. ஆயினும் நடந்ததைச் சொல்லவேண்டும்.

அந்த ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 சனவரியிலேதான் நடந்தது. அவன் மூன்று பாடங்களிலும் சித்தியெய்தி, இன்று பல்கலைக்கழகத்திலே பயில்கின்றான். பெறுபேறு வந்தபின் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சு அண்ணாவியாரைப் பற்றி வந்தது. எவருக்கும் போட்டுக் காட்டாமல் வைத்திருந்த அந்த நாற்பது நிமிடப் பதிவைக் கேட்க விரும்பினான். தயக்கத்தோடு கொடுத்தேன். கேட்பானைக் காதிற் பொருத்தித் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டுவிட்டு, “சேர், இது உங்கட நடுக்கூடம்தானே? பெரியவர் யன்னலுக்குக் கிட்ட இருந்திருக்கிறார். ஐஸ்பெட்டி அவருக்கு இடப்பக்கம்” என்றான். அவ்வாறே அவர் இருந்தார்.

எனக்கு விளங்காத சொற்கள் அவனுக்கு விளங்கின. மும்முறை கேட்டுவிட்டு, இரண்டு தருக்களை அவன் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். மூன்றாவது தருவிலே ஓரடி இன்னும் பிடிபடவில்லை. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதையும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றான்.