முகமூடி அணிந்த காவலன்

அரசாங்க மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்குச் சிறுவர் படிக்கும் சித்திரக் கதைகளோடு என்ன தொடர்பு என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பை உண்டாக்கியது ஒரு சொல். சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்த கோப்பொன்றில் ‘விஜிலாண்டி’ என்னும் ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் வந்திருந்தது. சட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, குற்றவாளியைத் தாமே தேடித் தாமே தண்டிப்பவரை அது குறிக்கும். பொருள் விளங்கிற்று, தமிழில் ஒரு சொல்லாக அமையவில்லை. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் காவல்காரன் என்பதே பொருள். அதன் இலத்தீன் வேரோ விழித்திருத்தலைக் குறிப்பது. நம் நாட்டில் அரசு அலுவலரின் நேர்மையைக் கவனிப்பதற்கென 1964-இல் அமைந்த மத்திய கண்காணிப்பு ஆணையத்தின் ஆங்கிலப் பெயரும் அதே வேரிலிருந்து கிளைத்ததேயாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1851-இலும் 1856-இலும் வணிகர் முதலியோர் கூடி விழிப்புக் குழுக்களை அமைத்தனர். நகரில் நீதிமன்றங்கள் இருக்கவே, தாமே விசாரித்து, முதல் முறை நால்வரையும் மறுமுறை நால்வரையும் தூக்கிலிட்டனர். அன்று முதல் அச்சொல்லில் இரத்தக் கறை படிந்தது.

ஓர் இரவு அகராதிகளைப் பரப்பிக்கொண்டு நான் வீட்டில் அமர்ந்திருந்தபோது, பள்ளியில் படிக்கும் என் மகன் எட்டிப் பார்த்து, “இதற்கா அப்பா இவ்வளவு யோசனை? பேட்மேன் என்று எழுதிவிடுங்களேன்” என்றான். சிரித்தேன். பிறகு அவனிடமிருந்தே புத்தகங்களை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். நாற்பதைக் கடந்தவன் அவற்றைப் படிப்பதில் நாணம் ஒன்றும் இல்லை என்பதை நாலைந்து புத்தகங்களுக்குள் உணர்ந்தேன்.

வௌவால் வடிவில் உடையணிந்து இருளில் திரியும் இவ்வீரன், ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இதழின் 27-ஆம் வெளியீட்டில், 1939-ஆம் ஆண்டு மே மாதம் தோன்றினான். பாப் கேன் என்னும் ஓவியரும் பில் பிங்கர் என்னும் எழுத்தாளரும் அவனைப் படைத்தனர். ஆயினும் கேன் பெயர் மட்டுமே நெடுங்காலம் அச்சேறிற்று. 1974-இல் மறைந்த பிங்கருக்கு 2015-இல்தான் முறையான அங்கீகாரம் கிட்டியது. பெயர் அச்சேறாமல் உழைப்பது மொழிபெயர்ப்பாளனுக்குப் பழகிய நிலை. ஆகவே இதனைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

அதே ஆண்டு நவம்பர் வெளியீட்டில், இரண்டே பக்கங்களில், அவனுடைய பிறப்பின் கதை சொல்லப்பட்டது. கோத்தம் நகரத்துச் செல்வக் குடும்பத்துச் சிறுவன் புரூஸ் வேய்ன். தெருவில் ஒரு வழிப்பறிக்காரன் தன் தாய் தந்தையரைச் சுட்டுக் கொல்வதைக் கண்ணெதிரே காண்கிறான். மெழுகுவர்த்தி ஒளியில் மண்டியிட்டுச் சபதம் ஏற்கிறான். ஆண்டுக்கணக்கில் உடலையும் அறிவையும் பயிற்றுகிறான். குற்றவாளிகள் மூடநம்பிக்கை மிக்க கோழைகள். அவர்களை நடுங்கவைக்கும் வேடம் தனக்கு வேண்டும் என்று அவன் ஆராய்ந்துகொண்டிருக்கையில் சாளரத்தின் வழியே ஒரு வௌவால் நுழைகிறது.

பறக்கும் ஆற்றலோ குண்டு துளைக்காத உடலோ இவனுக்கு இல்லை. பயிற்சி, துப்பறியும் அறிவு, விடாமுயற்சி ஆகியவையே இவன் வலிமை என்று அபிமானிகள் பெருமையுடன் கூறுவர். அளவற்ற பரம்பரைச் சொத்தையும் சேர்த்துக்கொள்வதே நியாயம். மாதச் சம்பளக்காரன் ஒருவன் இதே சபதத்தை ஏற்றிருப்பானாயின், உடைக்கும் வண்டிக்கும் கடன் வாங்கியே முதுமை எய்தியிருப்பான்!

இவனுடைய அறநெறியில் தலையாயது கொல்லாமை. குற்றவாளியைப் பிடிப்பான், அடிப்பான், அச்சுறுத்துவான், உயிரைப் போக்கமாட்டான், துப்பாக்கியைத் தொடமாட்டான். ஆனால் இந்நெறி அவனோடு பிறந்ததன்று. முதற் கதையிலேயே அவன் விட்ட குத்தில் ஒரு கொலைகாரன் அமிலத் தொட்டியில் விழுந்து மாள்கிறான். வீரனுக்கு வருத்தம் சிறிதும் இல்லை. 1940-இல் வெளியான ‘பேட்மேன்’ முதல் இதழில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான். அதன் பின்னரே, பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் இனி இவன் கொல்லலாகாது என்று கட்டளையிட்டார். இளைஞர் கைக்குப் போகும் இதழாயிற்றே என்ற கவலை அதில் இருந்தது. ஆக, இவ்வீரனின் பேரறம் ஓர் அலுவலக ஆணையாகவே தொடங்கிற்று. ஆணை பிறந்த பிறகு அதற்கு உயிரான காரணத்தைத் தேடியவர்கள் பின்வந்த எழுத்தாளர்கள்.

அவர்கள் கண்ட காரணம் இரக்கமன்று, அச்சம். இவன் அச்சத்தையே ஆயுதமாகக் கொண்டவன்; அந்த ஆயுதத்தைத் தன்னிடமிருந்தே எடுத்தவன். 1986-இல் பிராங்க் மில்லர் எழுதிய கதையில், சிறுவன் புரூஸ் குழியில் தவறி விழுந்து வௌவால்கள் நிறைந்த குகையில் நடுங்குகிறான். அவனை வெருட்டிய உருவமே பின்னர் அவன் அணியும் உருவமாகிறது. நம்பிக்கையும் அவனுக்கு எளிதில் வருவதில்லை. 2000-இல் வெளியான ஒரு கதையில், தன் தோழர்களாகிய மற்ற வீரர்கள் என்றேனும் நெறி தவறினால் அவர்களை வீழ்த்தும் வழிகளை அவன் மறைவாக எழுதிவைத்திருக்கிறான். பகைவன் அவற்றைத் திருடிப் பயன்படுத்துகிறான். தோழர்கள் அவனைத் தம் கூட்டத்திலிருந்து நீக்குகின்றனர்.

வேடம் இருந்து நெறி இல்லாவிடில் என்ன ஆகும் என்பதையும் இக்கதைகள் ஆராய்ந்துள்ளன. 1993-இல் பேன் என்னும் பகைவன் இவனது முதுகெலும்பை முறித்துவிட, ழான்-பால் வேலி என்னும் இளைஞன் வௌவால் உடையை ஏற்கிறான். கடுமையில் மூத்தவனை விஞ்சுகிறான். ஒரு கொலைகாரனைக் காப்பாற்றக் கூடிய தருணத்தில் காப்பாற்றாது சாகவிடுகிறான். அக்கொலைகாரன் ஓர் அப்பாவியை எங்கோ அடைத்து வைத்திருந்தான். இடத்தை அறிந்தவன் அவன் ஒருவனே. ஆதலின் அந்த அப்பாவியும் மாண்டான்.

இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். ஆறேழு ஆண்டுகளுக்கு முன், தில்லியில் நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில், சைக்கிள் திருடியதாக ஒரு பையனைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். பதினைந்து வயதுகூட இராது. அடித்தவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களுள் ஒருவர் எங்கள் வீட்டில் நோய் வந்தபோது நள்ளிரவில் வண்டி கொண்டு வந்தவர். அவர் கையிலும் செருப்பு இருந்தது. பையன் ஏதோ சொல்ல முயன்றான், கேட்பார் இல்லை. நான் அடிக்கவில்லை, தடுக்கவுமில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கையில் பால் பாத்திரத்துடன் நின்றிருந்தேன். போலீசார் வந்து அவனை அழைத்துச் சென்றனர். சைக்கிள் மறுநாள் வேறொரு வீட்டு மாடிப்படியின் அடியில் இருந்தது. பையன் என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை.

ஆகவே, இம்முகமூடி வீரன்பால் எனக்கு முழு நன்மதிப்பு உண்டு என்று சொல்ல இயலவில்லை. அவனும் சட்டத்துக்குப் புறம்பானவனே. அவன் பிழைபட்டால் கேட்க மேல்முறையீட்டு மன்றம் இல்லை. கதாசிரியன் துணையால் அவன் பிடிக்கும் ஆள் எப்போதும் உண்மைக் குற்றவாளியாகவே இருக்கிறான். தெருவில் அவ்வுதவி கிடைப்பதில்லை. ஆனாலும் ஒன்றில் அவன் எங்களினும் மேலானவன். தன் கோபத்தை அவன் நம்புவதில்லை.

1988-இல் அவனுடைய சீடன் ராபினாக இருந்த ஜேசன் டாட் பிழைக்கலாமா, சாகலாமா என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டனர். சாகட்டும் என்றோர் 5,343 பேர். பிழைக்கட்டும் என்றோர் 5,271 பேர். எழுபத்திரண்டு வாக்கு வேறுபாட்டில் அச்சிறுவன் ஜோக்கர் என்னும் கொடியவன் கையால் மாண்டான். வாசகர்கள் ஒரு பிள்ளையின் சாவுக்கு வாக்களித்த அச்செய்தியைப் படித்தபோது, பால் பாத்திரம் என் நினைவுக்கு வந்தது. சித்திரக் கதையில் சாவு நிலையானதன்று. ஜேசன் மீண்டு வந்து, 2006-இல் வெளியான கதையில் குருவை எதிர்கொள்கிறான். தன்னைக் காப்பாற்றாததை அவன் மன்னிக்கிறான். தன்னைக் கொன்றவனை இன்னும் ஏன் உயிரோடு விட்டுவைத்தாய் என்பதே அவன் கேள்வி. கொல்வது தன்னால் ஏலாதது என்று குரு சொல்லவில்லை. மிக எளிது என்கிறான். ஒருமுறை அவ்விடத்துக்குப் போனால் தன்னால் திரும்பி வர இயலாது என்ற கருத்தில் அவன் தரும் மறுமொழி, ஜேசனுக்கு நிறைவளிப்பதில்லை. என் மகனுக்கும் நிறைவளிக்கவில்லை. “ஜோக்கர் அதற்குப் பிறகு எத்தனை பேரைக் கொல்கிறான் தெரியுமா அப்பா?” என்று கேட்டான். தெரியும் என்றேன். அதற்குமேல் அன்றிரவு நாங்கள் பேசவில்லை.

கோப்பைத் திருப்பி அனுப்பவேண்டிய நாள் வந்தது. ‘தன்னிச்சைக் காவலர்’ என்று எழுதி, காவலர் என்பதை அடித்துவிட்டு, ‘தன்னிச்சைத் தண்டனையாளர்’ என்று மாற்றினேன். மேலதிகாரி ஓசை நயமில்லை என்று குறிப்பெழுதினார், ஆயினும் ஒப்பமிட்டார்.