படத்தின் கீழே ஒரு வரி



கேத்திப் பள்ளத்தாக்கின் தேயிலைச் சரிவில் ஒரு பெண் கொழுந்து பறிக்கிற படம் நம் எல்லோருக்கும் பழக்கமானது. அதன் கீழே 'நீலகிரியின் பசுமை' என்று போட்டால் அது சுற்றுலா விளம்பரம். 'தாயகம் திரும்பியோர்' என்று போட்டால் அரசு ஆவணம். 'நாள்கூலித் தொழிலாளி' என்று போட்டால் சங்கத்தின் துண்டறிக்கை. படம் ஒன்றுதான். ஆனால் முதல் வரியைப் படித்தவர் எந்த மாதம் வரலாம் என்று கேட்கிறார். மூன்றாவது வரியைப் படித்தவர் கூலி எவ்வளவு என்று கேட்கிறார்.

அந்த இரண்டாவது சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அந்த மக்களை யாரும் கலந்து பேசவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள், கணிசமானோர் தலித்துகள். பார்த்தேயிராத ஊருக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? நாடு கடத்தலை வீடு திரும்பலாக மாற்றிக் காட்டியது அந்த ஒரு சொல்.

இந்த வழக்கம் பழையது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நம் மலையின் தோடரும் கோத்தரும் அதில் உண்டு. மூக்கையும் மண்டையையும் அளந்த ஆய்வு அது. படங்களின் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது. சாதியின் பெயரோ குலத்தின் பெயரோ இருக்கும். கேமரா பதிவு செய்தது ஒரு மனிதரின் முகத்தை. அந்த முகத்தை ஒரு 'மாதிரி'யாக்கியது எழுத்து.

அதே காலத்தில் இதற்கு மறுப்பும் எழுந்தது, இதே மலையில் வாழ்ந்தவரிடமிருந்து. 1891இல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நீலகிரியில் கூட்டிய பண்டிதர் அயோத்திதாசர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பிறர் சூட்டிய இழிபெயரை மறுத்து, 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று எழுதினார். பெயரிடும் உரிமையும் அதிகாரம்தான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்றைய நாளிதழுக்கு வருவோம். திறந்த மலக்குழி, சுற்றிலும் கூட்டம், கீழே 'விஷவாயு தாக்கி தொழிலாளர் பலி' என்ற வரி. இந்த வாக்கியத்தில் குற்றவாளி யார்? வாயு! இறக்கிவிட்ட ஒப்பந்ததாரர் இல்லை, வேலையைக் கொடுத்த நிர்வாகம் இல்லை, இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்கள் தலையில் கட்டிய சாதி இல்லை. மலக்குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 'சட்டத்துக்குப் புறம்பாக இறக்கப்பட்டவர் மரணம்' என்று அதே படத்தின் கீழே எழுதிப் பாருங்கள். விபத்துச் செய்தி வழக்காக மாறும்.

எனவே கையில் செல்பேசி வைத்திருக்கும் மாணவர்களிடம் நாம் கேட்பது சில எளிய வேலைகள். படம் எடுத்தால் நாள், இடம், எடுத்தவர் பெயர் எழுதுங்கள். படத்தில் இருப்பவரிடம், குடும்பத்தாரிடம் ஒப்புதல் கேளுங்கள்; பெயர் போட்டால் அவருக்கு ஆபத்து என்றால் போடாதீர்கள். வேறு ஊரின் பழைய படத்தை நம் நியாயத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். ஒரு பொய்ப்படம் நூறு உண்மைப் படங்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். யார் செய்தார் என்பதை வாக்கியத்திலிருந்து நழுவ விடாதீர்கள்.

நம்மைப் பற்றிய படங்கள் ஒன்றரை நூற்றாண்டாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் கீழே உள்ள வரியை இனி நாம் எழுதுவோம்.

ஜெய் பீம்.