பல் ஏன் இடம் மாறுகிறது?

இளவயதில் வரிசையாக இருந்த கீழ் முன்பற்கள், நாற்பதைத் தாண்டியதும் பலருக்கு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கோணலாக நிற்கும். ஏன் தெரியுமா?

பல் தாடை எலும்போடு ஒட்டிப்போனதல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாகத் தொடர்ந்து அழுத்தினால், அது சாயும் பக்கத்து எலும்பு கரையும். விலகிய பக்கத்தில் புது எலும்பு வளரும். கிளிப் போட்டுப் பல்லைச் சீராக்குவதும் இந்த முறையில்தான்.

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால், பக்கத்துப் பல் அந்த இடத்தை நோக்கிச் சாயும். மேல்பல் கீழே இறங்கும். ஈறுநோயால் எலும்பு கரைந்தால், முன்பற்கள் விலகி இடைவெளி விழும். வயதாக ஆக, பற்கள் தாமாகவே முன்னோக்கி நகர்வதும் உண்டு.

ஈறுநோய் வராமல் தடுக்க, காலையும் இரவும் பல் துலக்குங்கள். துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால் உடனே பல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறுநோய் எளிதில் வரும். கூடுதல் கவனம் தேவை. பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும் என்று பயப்படாதீர்கள். பல்லை ஆடவைப்பது ஈறுக்கடியில் படிந்த பற்காரைதான். பிடுங்கிய பல்லுக்கு மாற்றுப்பல் வையுங்கள். கிளிப் கழற்றியவர்கள், பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரை மருத்துவர் சொல்லும்வரை விடாமல் போடுங்கள். நகர்ந்த பல்லைத் திருப்ப மாதக்கணக்காகும். நகராமல் காக்கத் தினமும் சில நிமிடம் போதும்.