மிச்சம் எல்லார் தட்டிலும் விழட்டும்!

நடுவர் அவர்களே! எதிரணிப் பெருமக்களே! மலையேறி வந்து இந்தப் பனியிலே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

'சமையலில் பெரிதும் இன்பம் தருவது சிக்கனமா? தாராளமா?' என்பது தலைப்பு. நான் சிக்கனத்தின் கட்சி. அதனால பேச்சும் சிக்கனமா இருக்கணும். நடுவர் இப்பவே மணியைக் கையிலே எடுத்துட்டாரு! (சிரிப்பு)

எதிரணி நண்பர் சொன்னாரு, "சிக்கனச் சமையல்ங்கிறது ஒண்ணும் இல்லாதவன் சமையல்"னு. ஐயா, நாம உட்கார்ந்திருக்கிற இடம் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர். கீழே இருக்கிற செங்கம்தான் மலைபடுகடாம் பாடுகிற நன்னனுடைய ஊர். பரிசு வாங்கப் போகிற கூத்தருக்கு வழியிலே என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் பட்டியலே போடுகிறார். மூங்கில் அரிசி, மேட்டு நிலத்து நெல்லரிசி, அவரை விதை, புளி எல்லாம் சேர்ந்த புளிங்கூழ்! சுற்றிலும் விளைஞ்சதை வெச்சு ஆக்கினது. அதை யாருக்குக் கொடுத்தான்? புல் வேய்ந்த குடிசைக்காரன், வந்த விருந்தாளிக்குக் கொடுத்தான்! இதுவா ஒண்ணும் இல்லாதவன் சமையல்? (கைதட்டல்)

இந்த மலையின் தானியம் சாமை. மழையை மட்டுமே நம்பி மூணு மாசத்திலே விளையும். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவிச்சுது. உடனே பட்டணத்துக்காரர் என்ன செஞ்சாரு? சாமைப் பாக்கெட்டை வாங்கி அலமாரியிலே அடுக்கிட்டு, குடும்பத்தோட ஓட்டலுக்குப் போயிட்டாரு! (சிரிப்பு)

காவலூரிலே பெரிய தொலைநோக்கி இருக்கு. 1986-லே வைணு பாப்பு பெயர் வைத்தது. எங்கேயோ இருக்கிற நட்சத்திரமெல்லாம் அதிலே தெரியுது. ஆனா நம்ம வீட்டு பிரிட்ஜுக்குள்ளே, பின்வரிசையிலே, மூணு நாளா இருக்கிற குழம்புக் கிண்ணம் மட்டும் நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது! (பலத்த சிரிப்பு) சிரிக்கிறோம். 2022-லே மட்டும் உலகத்திலே வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. கணக்குச் சொல்லுது. அதிலே ஏறக்குறைய அறுபது சதவீதம் வீடுகளிலே வீணானது. ஓட்டல்காரனைத் திட்டிப் பயனில்லை.

நம்ம பாட்டிமாருக்குத் தெரியும், மிச்சம் என்பது அடுத்த சமையலோட ஆரம்பம்னு. ராத்திரிச் சோறு மிஞ்சினா, ஆறவிட்டுத் தண்ணி ஊத்துவா. விடிஞ்சா புளிச்ச வாசனையோட நீராகாரம். மோரும் சின்ன வெங்காயமும் போதும். மிஞ்சின இட்லியை உதிர்த்துத் தாளிச்சா உப்புமா. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். பலாச்சுளையைத் தின்னுட்டுக் கொட்டையை எறிவமா? கத்தரிக்காயோட குழம்பிலே போட்டா, கொட்டைக்குத்தான் சண்டை நடக்கும்!

இனிப்புக்கு வர்றேன். "பாயசம் வேணாமா?"ன்னு கேட்டாங்க. வேணும்! காலையிலே வடிச்ச சாமைச் சோறு மிஞ்சியிருக்கா? குழைய மசிச்சு, பலாச்சுளையைப் பொடியா நறுக்கிப் போட்டு, வழக்கமா போடுற வெல்லத்திலே பாதியைப் போடுங்க. இறக்கி வெச்சுத் தேங்காய்ப்பால். பழத்தோட இனிப்பே மீதியைப் பார்த்துக்கும். ஆனா ஒண்ணு. தேனும் வெல்லமும் 'இயற்கை'ன்னு சொல்லிக் கரண்டி கரண்டியாப் போடாதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2015-லே குறைக்கச் சொன்ன சர்க்கரைக் கணக்கிலே தேனும் சேர்த்தி. சர்க்கரை நோய் உள்ளவங்களுக்குச் சாமையும் அளவோடதான்.

இப்ப, எதிரணியிலே பேசின சகோதரி கேட்ட கேள்விக்கு வர்றேன். இந்த மேடையிலே இன்னைக்குக் கேட்ட நல்ல கேள்வி அதுதான். "ஐயா, உங்க சிக்கனம் எல்லாம் கடைசியிலே யார் தட்டிலே விழுது?"ன்னாங்க. (பெண்கள் பக்கம் கைதட்டல்)

உண்மை! அப்பாவுக்கு ஆவி பறக்கிற சோறு. பிள்ளைக்கு நெய் விட்ட சோறு. அடிப்பானையிலே ஒட்டினது அம்மாவுக்கு. உரலிலே சாமை குத்தினது அவ. உமி போகப் புடைச்சது அவ. கடைசியிலே பழையதும் அவளுக்கு! அதுக்குச் சிக்கனம்னு பேர் வெச்சா, நானே எழுந்து எதிரணிக்குப் போயிடுவேன். அது சிக்கனம் இல்லை ஐயா, அநியாயம்!

ஆனா அம்மா, அந்த அநியாயத்துக்கு மருந்து தாராளமா? வீட்டிலே எவ்வளவு தாராளமா ஆக்கினாலும், மிஞ்சினது அவ தட்டுக்குத்தானே வருது? ஆக்கினது அதிகம்னா, அவ தின்கிற பழையதும் அதிகம்! (கைதட்டல்) அளந்து ஆக்குங்க. மிஞ்சினா எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுங்க. காலையிலே அப்பா தட்டிலேயும் நீராகாரம் விழட்டும். பீர்க்கங்காய்த் தோலை அப்பாவே வதக்கி அரைக்கட்டும். அன்னைக்குத்தான் மிச்சம் விருந்தாகும்.

சேர்ந்து செஞ்சு, சேர்ந்து தின்கிற சிக்கனமே இன்பம்! சிக்கனமே இன்பம்! என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)