வாடையை வரவேற்போம்

சால்வையும் மஃப்ளருமாக இந்தக் குளிரிலும் திறந்தவெளியில் வந்து அமர்ந்திருக்கும் கோவில்பட்டிப் பெருமக்களே!

"தமிழ்நாட்டில் ஏதய்யா குளிர்காலம்? மூன்று மாதம் வெயில், மீதி மாதமெல்லாம் கடும் வெயில்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் கூதிர், முன்பனி, பின்பனி என்று மூன்றைக் குளிருக்கே கொடுத்தார்கள். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை, ஆண்டில் சரிபாதி! நமக்கோ பனி என்றவுடன் சளி, இருமல், மூட்டுவலி, இவைதான் ஞாபகம் வருகின்றன. விருந்தாளியை வாசலில் நிறுத்திவைத்துக் குறை சொல்லுகிற மாதிரி இருக்கிறது இது.

கரிசல் மண்ணில் பிறந்தவர்கள் அப்படிப் பேசலாமா? இங்கே ஆறு கிடையாது, கால்வாய்ப் பாசனம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் குடித்த தண்ணீரைக் கரிசல் தன் அடிவயிற்றில் பிடித்து வைத்துக்கொள்கிறது. கார்த்திகையோடு மழை ஓய்ந்துவிடும். அதன்பிறகு பயிரைக் காப்பாற்றுவது யார்? இந்தக் குளிர்தான். வெயில் தணிந்திருப்பதால் மண்ணின் ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போவதில்லை. உளுந்தும் பாசியும் முற்றுகிற வரைக்கும், கொத்தமல்லி காய்க்கிற வரைக்கும் அந்த ஈரம் தாங்குகிறது. "பனியிலேயே வெளைஞ்சிரும்" என்று நம் சம்சாரிகள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சில்லை. மிஞ்சிய பனியால் சாம்பல் நோய் வரும், பூ உதிரும், அந்தக் கவலையும் அவர்களுக்கு உண்டு. ஆனாலும் பனியே வேண்டாம் என்று சொன்ன சம்சாரியை நான் பார்த்ததில்லை.

விடியற்காலையில் கொண்டைக்கடலைப் புஞ்சைக்குள் இறங்கி நடந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். முழங்கால் வரை நனைந்துவிடும். நனைந்த விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள், சுள்ளென்று புளிக்கும். கடலைச் செடியின் இலையில் பொடிப்பொடியாக மயிர் இருக்கிறது. அதிலிருந்து ஒரு புளிப்பு அமிலம் சுரக்கிறது. இரவில் இறங்கும் பனி அதைக் கரைத்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் செடிகளின் மேல் வெள்ளைத் துணியை விரித்துவிட்டு, காலையில் பிழிந்து அந்தப் புளிப்பு நீரை வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக வைத்துக்கொள்வார்கள். பனியை அறுவடை செய்த மக்கள் ஐயா நாம்!

பனி வானத்திலிருந்து கொட்டுவதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றிலுள்ள ஈரம் இலைமேல் துளியாகிறது. மூடாக்கு போட்ட ராத்திரியில் சூடு போகாது, பனியும் இராது. இன்னொன்று. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில்தான், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர். ஆனாலும் நடுங்குகிறோம், ஏனென்றால் நம் பாதி உருண்டை அப்போது சூரியனைவிட்டுச் சாய்ந்திருக்கிறது.

இந்தக் குளிரை நம்பி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் வருகின்றன. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏரி உறைந்துபோன ஊரிலிருந்து வந்த அந்தப் பறவைக்கு நம் மார்கழி இதமான வெயில்! கூந்தன்குளத்து மக்கள் தங்கள் வீட்டு மரங்களிலேயே நாரைகளைக் கூடுகட்ட விட்டிருக்கிறார்கள். பறவை மிரளும் என்று பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு போடுகிறேன்.

நெடுநல்வாடை என்று நக்கீரர் ஒரு பாட்டு எழுதினார். 188 அடி. குளிர் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதை அவரைப்போல் பார்த்தவர் இல்லை. சந்தனக் கல் சும்மா கிடக்கிறது. விசிறி முளையில் தொங்க, அதில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. குளிர்ந்த தண்ணீர்ச் செம்பைத் தொடுவாரில்லை, நெருப்புச் சட்டியைச் சுற்றித்தான் கூட்டம். யாழ் நரம்பு குளிரில் நிலை மாறிவிட, ஆடல்மகளிர் அதற்குச் சூடேற்றிச் சுருதி சேர்க்கிறார்கள். இத்தனையும் சொன்ன புலவர் கடைசியில் நம்மைப் பாசறைக்குக் கூட்டிப்போகிறார். நள்ளிரவு. துவலை தூறிக்கொண்டிருக்கிறது. வாடை அடிக்க அடிக்க விளக்குச் சுடர் தெற்கே சாய்கிறது. அந்த நேரத்தில் அரசன் தூங்காமல் வெளியே வந்து, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான்.

அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு நம் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வருகிறது. மூடிய கடைகளின் படிக்கட்டில் சாக்கைப் போர்த்திப் படுத்திருக்கிறார்கள். விடிய விடியக் காய்கறி மூட்டை இறக்குகிறவர்கள் ஒற்றைப் பனியனோடு நிற்கிறார்கள். குளிரை ரசிக்க அவர்களுக்கும் பாத்தியதை உண்டு. முதலில் உடம்பு நடுங்காமல் இருக்கவேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். மார்கழிக் கடைசியில் தரையோரக் காற்று குளிர்ந்து அசையாமல் கிடக்கும். புகை மேலே ஏறாமல் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். இரண்டாவது, கம்பளி. நாளை முதல் பொங்கல் வரை இந்த நூலக வாசலில் வாங்கிக்கொள்கிறோம், சனிக்கிழமை இரவுகளில் நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கிழிசல் வேண்டாம், உங்கள் வீட்டில் நீங்கள் போர்த்துகிற மாதிரி நல்லதாகக் கொண்டுவாருங்கள். கூட வர விரும்புகிறவர்கள் பத்து மணிக்கு இங்கே வந்துவிடுங்கள்.