படிப்பகமும் திடலும்: உழைக்கும் மக்களின் இரண்டாவது அறை

(கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாநகராட்சியின் ஆண்டுத் திட்டத்திற்கான வார்டுக் கூட்டங்களில் நாம் எவற்றை வலியுறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதற்காகக் கூடியிருக்கிறோம். குடிநீர், கழிவுநீர், ஓதம் ஏறும் நாள்களில் கால்வாய் வழியே வீட்டுக்குள் புகும் தண்ணீர், ஒழுகும் கூரை ஆகியவை நமது பட்டியலில் முதலிடத்தில் இருக்கின்றன. இருக்கவும் வேண்டும். பட்டியலின் கடைசியில், நேரம் கிடைத்தால் பேசிக்கொள்ளலாம் என்பதுபோல், “நூலகம், பூங்கா, விளையாட்டுத் திடல்” என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். அது ஏன் மேலே வர வேண்டும் என்பதே என் உரையின் பொருள்.

இந்த மண்ணின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ முறை இருந்தது. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டியபோது, ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். முட்டி மோதி, மிதிபட்டு, வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. இந்த இழிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. செய்து, செய்தலவி என்ற தோழர்கள் குண்டுக்குப் பலியானார்கள். பிடித்துச் செல்லப்பட்ட ஆண்டனி போலீஸ் சித்திரவதையால் மாண்டார்.

அவர்கள் எதற்காகப் போராடினார்கள்? கூலிக்காக என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. வேலை எப்போது வரும், எப்போது முடியும் என்ற ஒழுங்கு தங்கள் வாழ்க்கைக்கு வேண்டும் என்பதற்காகவும் போராடினார்கள். சாப்பாவை எதிர்பார்த்து நாள் முழுவதும் துறைமுக வாசலில் நின்ற தொழிலாளிக்கு ஓய்வு என்பதே கிடையாது. அவனுக்கு இருந்ததெல்லாம் காத்திருப்பு. காத்திருப்பு ஒருபோதும் ஓய்வு ஆகாது, தோழர்களே.

இன்றைய நிலை என்ன? கையில் கைபேசியை வைத்துக்கொண்டு, அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று சாலையோரத்தில் வண்டியில் சாய்ந்து நிற்கும் உணவு விநியோக இளைஞர்களைத் தோப்பும்படியிலும் சுள்ளிக்கலிலும் பார்க்கிறோம். வில்லையை வீசும் கை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர, சாப்பாவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவர்கள் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. அருகில் கழிப்பறை இல்லை. ஒரு மாநகராட்சிப் படிப்பகம் அந்தத் தெருவில் திறந்திருந்தால் மூன்றும் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். கூடவே ஒரு நாளிதழும் கிடைத்திருக்கும்.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, மீதி எட்டு மணி நேரம் மனிதனாக வாழ்வதற்கு என்பது மே தினத்தின் ஆதிக் கோரிக்கை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. வேலை நேரத்தைக் காக்க நாம் தெருவில் இறங்குகிறோம். ஆனால் காப்பாற்றிய அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைத் தொழிலாளி எங்கே கழிப்பான் என்று நாம் போதுமான அளவு கேட்பதில்லை.

மட்டாஞ்சேரியின் சந்துகளில் பல குடும்பங்களுக்கு வீடு என்பது ஓர் அறை. அதிலேயே சமையல், அதிலேயே உறக்கம், அதிலேயே நோயாளி, அதிலேயே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை. வசதி படைத்தவனுக்குப் படிக்கத் தனி அறை உண்டு. பிள்ளை விளையாட முற்றம் உண்டு. நண்பரோடு பேசக் கூடம் உண்டு. ஓரறை வீட்டுக்காரனுக்கு இவை மூன்றும் வீட்டுக்கு வெளியே, பொது இடத்தில்தான் கிடைக்க முடியும். படிப்பகமும் திடலும் அவனுடைய வீட்டின் இரண்டாவது அறை. அந்த அறையைப் பூட்டினாலோ, ஏலம் விட்டாலோ, வாகன நிறுத்தமாக மாற்றினாலோ, அவன் வீட்டின் பாதியைப் பறித்ததாகவே பொருள். எனவே நூலகக் கோரிக்கை வீட்டுக் கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாதது.

இதை நடைமுறையில் செய்து காட்டிய நகரம் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா நகராட்சி சோஷலிஸ்டுகளின் கையில் இருந்தது. 1923இல் பெரிய, ஆடம்பர வீடுகள் மீது அதிகமாக விழும்படி வீட்டு வரியை அமைத்து, அந்தப் பணத்தில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பில் 1,382 வீடுகள் இருந்தன. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம்; எஞ்சியது தோட்டமும் விளையாடும் இடமும். நூலகம், சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி எல்லாம் குடியிருப்பின் உள்ளேயே இருந்தன. 1934 பிப்ரவரியில் பிற்போக்கு அரசு அதன் மீது பீரங்கியால் சுட்டது. தொழிலாளி வீட்டோடு நூலகத்தையும் பெற்றதை ஆளும் வர்க்கத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் ஊரிலும் 2025 செப்டம்பரில் துருத்தியில் நிலமற்ற 394 குடும்பங்களுக்கு இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் வீடுகள் வழங்கப்பட்டன. இது பெரிய சாதனை. எவரும் மறுக்க முடியாது. ஆனால் சந்தில் தரையோடு வாழ்ந்தவர்கள் பத்தாவது மாடிக்குப் போகும்போது, திண்ணைப் பேச்சும் தெருவிளையாட்டும் அறுந்துபோகின்றன. அங்கே ஓர் உயிருள்ள படிப்பகம், பெண்கள் கூடும் இடம், பிள்ளைகள் ஓடும் திடல் ஆகியவை நிலைபெறும்போதுதான் அந்த வீடுகள் முழுமை பெறும்.

நூலகம் என்றவுடன் பெரிய கட்டடத்தையும் பழைய அரிய நூல்களையும் நினைக்கிறோம். 1913இல் லெனின் இதைப் பற்றி எழுதினார். ஒரு பொது நூலகத்தின் பெருமையை அதிலுள்ள அரிய நூல்களின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. எவ்வளவு நூல்கள் மக்கள் கைக்குப் போகின்றன, எத்தனை குழந்தைகள் வருகிறார்கள் என்பதால்தான் அளக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நியூயார்க் பொது நூலகத்தை எடுத்துக்காட்டி, ஜார் ஆட்சியைச் சாடினார். முதலாளித்துவ நாட்டிலிருந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்ல அவர் தயங்கவில்லை.

கேரளம் அந்த வழியில் நடந்தது. 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கினார். 1975இல் அந்த இயக்கத்துக்கு யுனெஸ்கோவின் குருப்ஸ்கயா விருது கிடைத்தது. வடக்கே கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள், ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க மற்றவர்கள் இலை சுருட்டியபடியே கேட்டார்கள். படித்தவர் இழந்த கூலியைத் தாங்கள் சுற்றிய பீடியால் ஈடு செய்தார்கள். இன்று மாநில நூலக கவுன்சிலில் இணைந்த நூலகங்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். அவற்றை நடத்துபவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுக்கள்.

தமிழ்நாட்டின் பாதை வேறு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதலாவது. அங்கே நூலகங்களை அரசுத் துறை நடத்துகிறது. ஊழியருக்கு அரசுச் சம்பளம் உண்டு. மக்கள் குழுவுக்கு அதிகாரம் குறைவு. கேரளத்தில் மக்கள் குழு உண்டு. ஆனால் பல படிப்பகங்களில் நூலகருக்குக் கிடைப்பது சிறு மதிப்பூதியம் மட்டுமே. மக்கள் குழுவும் வேண்டும், ஊழியருக்கு வாழத்தக்க ஊதியமும் வேண்டும் என்பது நம் நிலைப்பாடாக இருக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பணத்தை நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 1989ஆம் ஆண்டின் கேரளச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு ஐந்து காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அது பத்துக் காசு. ரசீதில் வீட்டுக்காரரின் பெயர் இருக்கலாம். வாடகை வழியே அதைக் கொடுப்பவர் குடியிருப்பவர். தமிழ்நாட்டில் பல உள்ளாட்சிகள் இவ்வரியை வசூலித்துவிட்டு, நூலகத்துக்குச் சேர்க்காமல் நிலுவை வைத்த கதை நமக்குத் தெரியும். ஆகவே வார்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, நமது டிவிஷனில் நூலக வரி எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு நூலக கவுன்சிலுக்குச் சென்றது என்று கணக்குக் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் நகராட்சியின் பணிகளில் சேர்த்திருக்கிறது. இவற்றைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. இதுதான் இங்கே கூர்மையான கேள்வி. வில்லிங்டன் தீவும் பின்னர் வல்லார்பாடமும் சரக்கைக் கொண்டுபோன பின், பஜார் சாலையின் மிளகு, இஞ்சிக் கிடங்குகள் பல வெறுமையாயின. சுமைப்பணித் தொழிலாளர்க்கு வேலை குறைந்தது. கிடங்குகள் இன்று ஓட்டலாகவும் கலைக்கூடமாகவும் மாறுகின்றன. 2012 முதல் நடக்கும் பினாலே கலைவிழா உலகையே இங்கே அழைத்து வருகிறது. அதற்கு நாம் எதிரியல்ல, கலையை வரவேற்கிறோம். ஆனால் உப்புக் காற்றை வருபவன் ரசிக்கவும், இங்கே பிறந்தவன் புழுக்கத்தில் கிடக்கவும் விடலாமா? நீர்முகப்பு முழுவதும் பயணிகளுக்கென்றால், இஞ்சி புடைத்து மிளகு தரம் பிரித்த பெண்களுக்கு மாலையில் காற்று வாங்க எந்த இடம்? பொது நிலத்தில் ஓர் அடியும் தனியார் குத்தகைக்குப் போகக் கூடாது என்பதில் நாம் உறுதியாக நிற்க வேண்டும்.

பொழுதுபோக்கு என்றால் மேலிருந்து இறக்கித் தர வேண்டிய ஒன்று என்று எண்ணாதீர்கள். இந்தச் சந்துகளின் மாடி அறைகளில் இரவெல்லாம் மெஹஃபில் நடந்திருக்கிறது. மெஹபூபும் உம்பாயியும் இந்த மண்ணில் உருவான பாடகர்கள். மக்கள் இசையைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தேவை கூரையும் விளக்கும் மட்டுமே.

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். டச்சுக்காரர் காலத்திலிருந்து வேலி மைதானத்தருகே துணி வெளுத்த சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன. கொங்கணி, குஜராத்தி, உருது எனப் பல மொழிகள் ஒலிக்கும் ஊர் இது. இங்குள்ள படிப்பகத்தில் ஒரு தமிழ் நாளிதழும் ஓர் அலமாரித் தமிழ் நூல்களும் கேட்பது நியாயமே. ஆனால் தமிழுக்கு மட்டும் கேட்டு நிறுத்தினால் நாம் இனவாதிகளாகிவிடுவோம். கொங்கணிக்கும் கேளுங்கள், வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலை செய்யும் தொழிலாளிக்கும் அவன் மொழியில் கேளுங்கள். ஒரே மேசையில் வெவ்வேறு மொழி நாளிதழ்களைப் படிப்பவர்கள் ஒரே சங்கத்துக்கு வருவார்கள்.

சுயவிமர்சனம் இன்றி இந்த உரை முடியக் கூடாது. நாம் நடத்தும் படிப்பகங்களில் எத்தனை அன்றாடம் திறக்கின்றன? சில, தேர்தல் காலத்தில் மட்டும் திறக்கின்றன. சிலவற்றில் முதியவர் இருவர் நாளிதழோடு அமர்ந்திருக்க, கேரம் பலகையைச் சுற்றி ஆண்கள் மட்டுமே நிற்கிறார்கள். பெண்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். இளைஞர் கைபேசியில் மூழ்கிவிட்டார் என்று புலம்புகிறோம். அவர் வேலை முடிந்து வரும்போது நம் கதவு பூட்டியிருந்ததை மறந்துவிடுகிறோம். மாநகராட்சியிடம் கேட்கும் தகுதி, நம் கதவை நாம் திறந்து வைப்பதிலிருந்து தொடங்குகிறது.

ஆகவே ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, பொதுக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் தரைத்தளத்தில் படிப்பகமும் அருகில் திடலும் இருக்க வேண்டும். இரண்டு, படிப்பகம் இரவு ஒன்பது மணி வரையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும். மூன்று, தண்ணீர், விளக்கு, கழிப்பறை ஆகியவை இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். நான்கு, திடலுக்குக் கட்டணம் கூடாது; கண்காட்சிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் வாடகைக்கு விடக் கூடாது. ஐந்து, நூலக வரிக் கணக்கை ஆண்டுதோறும் வார்டுக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

இவற்றை நமது பட்டியலின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வார்டுக் கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்களையும், சாலையோரம் வண்டியோடு காத்து நிற்கும் இளைஞரையும் அழைத்துச் செல்லுங்கள். சாப்பாவை எதிர்த்து மூன்று தோழர்கள் உயிர் தந்த தெருவில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிம்மதியாக உட்கார்ந்து படிக்க ஓர் அறை கேட்கிறோம். அதைப் பெறும்வரை கேட்போம்.